சார்ஜ் ஏறி முடியும்வரை

எங்கள் ரிமோட் கார் கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். முதல் வண்டியை ஆசைப்பட்டு வாங்காதீர்கள், உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கிற வண்டியை வாங்குங்கள். ரிமோட்டில் ஓடும் பகி என்கிற பந்தயக் கார் பார்வைக்குத்தான் பொம்மை. மண் தடத்தில் நாலு சுற்று வந்தால் ஏதாவது ஒன்று உடையும். உடைந்ததை மாற்ற வழியில்லை என்றால் வண்டி அலமாரியில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

நீங்கள் பேட்டரியைப் பற்றித்தான் கேட்டீர்கள், அதற்கு வருகிறேன். தீ விபத்துகளை ஆராய்கிறவருக்கு ஆயிரம் வேலை இருக்கும், தெரிகிறது. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

நான் பல் கட்டுகிறவன். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், நான் பல் செட் செய்து கொடுப்பேன். என் மனைவி தவறிப்போனபோது மகளுக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை யாரிடம் விடுவது என்று தெரியாமல் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் கிளப்பில் ஒரு பந்தயம் ஓட்டியவர்கள் அடுத்த பந்தயத்துக்கு வளைவுகளில் நின்று, கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்திவிட வேண்டும். பெரியவர்கள் முனகிக்கொண்டே செய்வார்கள். அவள் யார் வண்டி கவிழ்ந்தாலும் ஓடுவாள். பிறகு அவளே ஓட்ட ஆரம்பித்தாள். அந்த விரல்களைப் போல விரல்களை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் ரிமோட்டைப் பிடித்து முறுக்குவார்கள், அவள் தொட்டாலே போதும்.

அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் விதி வேகத்தைப் பற்றியது அல்ல. சார்ஜ் ஏறி முடியும்வரை பேட்டரியின் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. இந்த லித்தியம் பேட்டரிகள் அடிபட்டால் உள்ளுக்குள் உப்பும். உப்பியதை மறுபடி சார்ஜில் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிக் கெட்டுப்போனவற்றையெல்லாம் கிளப்பில் என்னிடம்தான் கொடுப்பார்கள். என் பட்டறைக்குப் பின்னால் ஒரு உப்புத் தண்ணீர் வாளி உண்டு. அதில் ஊறப்போட்டு, சக்தி முழுக்கப் போனபிறகு கழித்துவிடுவேன். பொறுப்பான ஆள் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை கல்யாணமான புதிதில் கிளப்புக்கு வந்தார். வரும்போதே நான்கு சக்கரங்களையும் மோட்டார் சுழற்றுகிற வண்டியும் இருப்பதிலேயே வேகமான மோட்டாரும் வேண்டும் என்றார். நான் பின்சக்கரம் மட்டும் இயங்குகிற வண்டியில் ஆரம்பியுங்கள், அதுதான் கையைப் பழக்கும் என்றேன். கேட்கவில்லை. முதல் நாளே வண்டி பதினோரு முறை குப்புற விழுந்து 'குட்டிக்கரணம்' என்ற பட்டப்பெயர் வாங்கிக்கொடுத்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் நல்ல மனிதர். அதில்தான் சிக்கலே. கெட்டவனாக இருந்திருந்தால் மகளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

அவர் வண்டியை நான்தான் தேற்றினேன். முதலில் டயர். மண்ணுக்கு ஏற்ற டயர் இல்லாமல் மோட்டாரை மாற்றுவது, செருப்பில்லாதவன் தொப்பி வாங்குகிற கதை. அப்புறம் அதிர்வைத் தாங்கும் ஷாக்கில் ஊற்றும் எண்ணெயைக் கெட்டியாக்கினோம், குதித்து இறங்கும்போது துள்ளாமல் இருக்க. பிறகு சக்கரத்தைத் திருப்பும் சர்வோ. மோட்டார் கடைசியில். வண்டி தடத்தில் ஒட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கிளப் இறுதிப் பந்தயத்துக்குத் தேர்வாகிவிட்டார். "மாமா கை பட்டா போதும்" என்று எல்லோரிடமும் சொல்வார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஒரு குறை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. சார்ஜரை மாட்டிவிட்டு அதே அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். சனிக்கிழமை மதியத் தூக்கம் அவருக்குச் சொர்க்கம். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பிறகு வெளிநாட்டு வேலை வந்தது. இருவரும் ஒன்றாக வந்து சொன்னார்கள். இறுதிப் பந்தயம் முடிந்த கையோடு கிளம்புவதாக. நான் ஒரு கீழ்த்தாடை செட்டை மெருகேற்றிக்கொண்டிருந்தேன்.

"வருஷத்துக்கு ஒரு தடவை வந்துடுவோம்பா. நீங்க உடம்பைப் பார்த்துக்கணும்," என்றாள்.

நான் தலையாட்டினேன். பெண்ணைக் கொடுத்தாயோ, கண்ணைக் கொடுத்தாயோ என்பார்கள். நான் பெண்ணைக் கொடுத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் கண் போவது தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை என்றால், எனக்கு மிச்சமிருக்கும் ஆயுளில் அவளை எத்தனை தடவை பார்ப்பேன் என்று மனம் கணக்குப் போட்டது. போட்டு முடிக்கவில்லை. சார்ஜ் ஏறும் பேட்டரியின் பக்கத்தில் விழித்திருக்கத் தெரியாத மனிதர், அந்நிய ஊரில் என் மகளை எப்படிப் பார்த்துக்கொள்வார்? இதை யாரும் என்னிடம் விளக்கவில்லை.

மாப்பிள்ளை இறுதிப் பந்தயத்துக்கு நல்ல பேட்டரி ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். கொடுத்தேன். உப்புத் தண்ணீருக்குப் போக வேண்டிய ஒன்றைப் போகவிடாமல் வைத்திருந்தேன். அதற்குப் புதிய பேட்டரியின் கெட்டியான கூட்டைப் போட்டு மூடினேன். உள்ளே உப்பியிருப்பது வெளியே தெரியாது. அந்த வேலையை ரசித்துத்தான் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளிம்பை எங்கள் தொழிலில் ஈறு வைக்கிற பசையால் ஒட்டி, மேலே கறுப்பு பூசினேன். எரியாமல் மிஞ்சிய மூலையில் நீங்கள் பார்த்த ரோஸ் நிறம் அதுதான். ஆளுக்கு ஆள் ஈறு நிறம் மாறும். அன்றைக்குக் கலந்திருந்தது அந்த நிறம்.

மகளுக்கு ஆபத்து வராதபடி யோசித்துத்தான் செய்தேன். சனிக்கிழமை மதியங்களில் அவள் என் வீட்டில் இருப்பாள். துணி மடித்து வைப்பாள், சும்மா உட்கார்ந்து பேசுவாள். மாப்பிள்ளை தூங்குவார். கல்யாணமானதிலிருந்து இது மாறியதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் வர நேரமாயிற்று. போன் வந்தது.

"அப்பா, அவரு ஏதோ விசா விஷயமா வெளிய போயிருக்காரு. பேட்டரியைச் சார்ஜ்ல போட்டுட்டு என்னைப் பார்த்துக்கச் சொன்னாரு. முடிஞ்சதும் வரேன். பாதியில எழுந்து வந்தா நீங்கதானே திட்டுவீங்க."

இதுவரை நான் சொன்னதெல்லாம் உங்களுக்கு ஏறக்குறைய தெரிந்திருக்கும். இது தெரிந்திருக்காது. அந்தப் போனைப் பற்றி நீங்கள் கேட்கவும் இல்லை.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. சார்ஜர் எழுப்பும் மெல்லிய ரீங்காரமும் கேட்டது. எழுந்து வெளியே ஓடு என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவள் விடாமல் கேட்கிற பெண். ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எனக்கும் பிறகு தோன்றியது, நிறையப் பொய்கள் தோன்றின. அந்த நேரத்தில் தோன்றியதெல்லாம், அவள் கேட்பாள், நான் சொல்ல வேண்டிவரும், அதன்பிறகு அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்பதுதான். உப்பிய பேட்டரி எல்லாமே பற்றிக்கொள்வதும் இல்லை. சில ஒன்றும் ஆகாமல் சார்ஜ் ஏறிவிடும்.

"சரிம்மா," என்றேன். "பக்கத்துலயே இரு."

அதைத்தான் சொன்னேன். பழக்கத்தில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவள் முதலில் சொன்னது என்னிடம்தான். "நான் எழுந்திருக்கவே இல்லப்பா. புகை வந்ததும் தூக்கி வெளிய போடலாம்னுதான் கையில எடுத்தேன்." சின்ன வயதில் எல்லா வண்டியையும் நிமிர்த்திவிட்டு வந்து சொல்வாளே, அதே குரல். நான் அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். தொடுவதற்கு அந்த இடம் மட்டும்தான் இருந்தது.

அவளுடைய இரண்டு கைகளிலும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. பிரிப்பதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். இருவரும் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்கள். தன்னால்தான் இப்படி ஆனது, தான் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுகிறார். நானும், அழாதீங்க மாப்பிள்ளை, விதி என்று தோளில் தட்டுகிறேன். இதற்கு மேல் எந்த நாளும் இந்த வீட்டில் வேறு மாதிரி இருக்கப்போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆமாம், மாப்பிள்ளையைக் கொல்லத்தான் அந்தப் பேட்டரியைக் கொடுத்தேன். மகள் பக்கத்தில் இருப்பது தெரிந்தும் அவளை அங்கேயே இருக்கச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆள் அனுப்புவதாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்புங்கள். அவளுக்கு நான்தான் ஊட்டுகிறேன். சின்ன வயதில் போலவே வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பாள். மாப்பிள்ளைக்கு அது சரியாக வராது, சூடு பார்க்காமல் கொடுத்துவிடுவார். என்னைப் போல அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.