அரை விரல் வாட்டம்

இந்த மேசை ஆடுகிறது, ஐயா. உங்கள் பக்கத்துக் கால் கொஞ்சம் குட்டை. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். வேண்டாமா? சரி, பழக்க தோஷம். நாற்பது வருஷம் டைல்ஸ் பதித்தவன் நான். கோணலாக எதையாவது பார்த்தால் கை சும்மா இருக்காது.

என் மனைவி பஸ் ஓட்டினவள். இருபத்தாறு வருஷம், வண்டியில் ஒரு கீறல் இல்லை. நான் லைசென்ஸ் தேர்வில் நாலு தடவை தோற்றவன். நாலாவது தடவை, தேர்வு நடத்த வந்த அதிகாரியின் சொந்தக் காரையே இடித்தேன். அதனால், இரண்டு பேரும் ஓய்வு பெற்று ஒரு வீட்டு வண்டி வாங்கியபோது, அதை யார் ஓட்டுவது என்ற பேச்சே எழவில்லை. அடுப்பு, கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி அது. அவள் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வேன். அவள் வேறு வழியில் போய்ச் சீக்கிரமே சேர்ந்துவிடுவாள்.

முகாம் மைதானத்தில் வண்டி நின்ற பிறகுதான் என் ராஜ்யம். தரை எங்கேயும் சமமாக இருக்காது. வண்டி சாய்ந்து நின்றால் ஆம்லெட் சட்டியின் ஒரு ஓரத்துக்கு ஓடும், தொட்டியில் தண்ணீர் தேங்கும், படுத்தால் ரத்தம் தலைக்கு ஏறும். எந்தச் சக்கரம் தாழ்ந்திருக்கிறதோ அதை ஜாக்கி கொடுத்துத் தூக்கி அடியில் பலகை, மற்றதற்கு முட்டுக்கட்டை. தொட்டிக்குப் பக்கத்துத் திட்டில் ரசமட்டத்தை வைத்திருந்தேன். அதன் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை நான் சாப்பிட மாட்டேன், அவளையும் விட மாட்டேன். மைதானத்தில் எனக்கு 'மட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் நாலு பேர் முன்னால் என்னை மட்டம் தட்டுவாள். பொருத்தமான பெயர்தான்.

அந்த ஏரிக்கரைக்கு வந்த இரண்டாம் நாள் காலை, காபி குடித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த பயணம் அவள் மட்டும் போகப் போகிறாளாம். மூன்று மாதம். வண்டிக்கு மட்டம் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். எனக்கு அப்போது தோன்றிய ஒரே ஆட்சேபம் அதுதான், பாருங்கள்.

"கோணலா படுத்தா செத்தா போயிடுவாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு தடவையாவது யாரும் சரி பண்ணாத எடத்துல தூங்கி எழணும்ங்க."

மூன்று மாதம் என்று போகிறவள் திரும்பி வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன்.

குளியலறைத் தரை சமமாக இருக்கக் கூடாது, ஐயா. தண்ணீர் ஓட்டையைப் பார்த்து ஓட வேண்டும். அந்தச் சரிவை வாட்டம் என்போம். நல்ல வாட்டம் காலுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. என் வாட்டத்தைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. வாழ்க்கையில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அவள் குளிக்கப் போன நேரத்தில் முன் பலகையை எடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்று வைத்தேன். அரை விரல் வாட்டம். பிறகு ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் ஒரு காகிதத்தை மடித்துச் சொருகினேன். அவள் கடைசியாக ஓட்டிய பஸ்ஸின் டிக்கெட் அது. கைக்கு அகப்பட்டது அதுதான். குமிழி சமர்த்தாக நடுவில் வந்து உட்கார்ந்தது.

மூன்றாம் நாள் தலை சுற்றுகிறது என்றாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அப்போதும் என்னை நம்பவில்லை, எழுந்து போய் ரசமட்டத்தைப் பார்த்தாள். அதை நம்பினாள். நான் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வாட்டத்தை மாற்றினேன், டிக்கெட்டை மடித்தேன், பிரித்தேன். டாக்டர் காதைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், ஒன்றும் கிடைக்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்து, வண்டி ஓட்டக் கூடாது என்றார். இருபத்தாறு வருஷம் ஓட்டினவள் சாவியை ஆணியில் மாட்டினாள். அவள் முகத்திலும் வாட்டம் விழுந்தது. சுற்றும்போது உட்கார்ந்து, கண்ணை மூடி, நூறு வரைக்கும் எண்ணு என்று சொல்லிக் கொடுத்தேன். கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஏரியோரம் நடந்தேன். மைதானத்துப் பெண்கள் என்னைக் காட்டித் தங்கள் புருஷன்மாரைத் திட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறு வாரம் அப்படிப் போனது. ஆனால் உடம்பு எதற்கும் பழகிவிடும் போலிருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டாள். சுற்றல் போய்விட்டது, நாளைக் காலை ஊருக்குக் கிளம்பலாம், என்னை வீட்டில் விட்டுவிட்டு அவள் புறப்படுவாளாம். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்து பின்பக்கம் இரண்டு ஜாக்கியையும் கொடுத்து ஏற்றினேன். இன்னும் ஒரு விரல், அவ்வளவுதான் நோக்கம். முட்டுக்கட்டை இடைஞ்சலாக இருந்தது, எடுத்துவிட்டேன். கைப்பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். அவை அந்தரத்தில் இருந்தால் வண்டியைப் பிடிக்க எதுவும் இல்லை. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாலு தடவை தோற்றவனுக்குத் தெரியவில்லை.

வண்டி ஜாக்கியை விட்டு நழுவி, பிரேக் பிடித்த பின் சக்கரங்களும் வழுக்க, ஈரப் புல்லில் இறங்கியது. வேகமாக இல்லை, ஐயா. நாம் நடக்கிற வேகம். ஏரி வரைக்கும் சரிவு, நூறு அடி இருக்கும். நான் ஜன்னலோடு கூடவே நடந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடியிருந்தாள். அன்றைக்கு நான் இன்னும் டிக்கெட்டை மடிக்கவில்லை. கண்ணைத் திறந்திருந்தால் குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப் போனதைப் பார்த்திருப்பாள். கதவு அவளுக்கு இரண்டு எட்டுத் தள்ளி இருந்தது.

"என்னங்க, வண்டி நகருதா?"

"இல்லம்மா. உன் தலைதான். எண்ணு."

வாய் தவறி வந்துவிட்டது என்று நேற்று வாக்குமூலத்தில் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். யோசிக்க நேரம் இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் இறங்கியிருப்பாள். இறங்கி, ஜாக்கியைப் பார்த்திருப்பாள். ஆறு வாரமும் அவளுக்குப் புரிந்திருக்கும். பிறகு என்னைப் பார்த்திருப்பாள்.

பத்தொன்பது வரை எனக்குக் கேட்டது.

முப்பத்தொரு வருஷத்தில் நான் சொன்ன வழியை, நான் சொன்ன சட்டையை, நான் சொன்ன உப்பை அவள் ஒரு தடவைகூட அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. அன்றைக்கு ரசமட்டத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் "சரி" என்றாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கடைசியில் அவள் என்னை நம்பினாள்.