சர்வருக்கு ஒரு பிள்ளையார் சுழி

— ஐயோ, அந்த சர்வர் பட்டனைத் தொடாதீங்க கஸ்தூரிரங்கன் சார்! காலைலேருந்து எத்தினி தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்க?

— நாலு தடவை. அஞ்சாவது தடவை சரியாயிடுமோன்னு ஒரு நப்பாசை. சாய்மா, பன்னெண்டு மணிக்கு ராகுகாலம். அதுக்குள்ள அந்த மெயில் வந்தாகணும்.

— வரும், வரும். ராயப்பேட்டைலேருந்து வண்டிய வெரட்டிக்கினு மயிலாப்பூர் வந்துகீறேன், மொதல்ல ஒரு வாய் தண்ணி குடுங்க. யாருது அந்த மெயில்?

— சந்திரிகா. கோட்டூர்புரத்துல கணக்கு டீச்சர். நம்ம வரன் மையத்துல பேர் குடுத்து ஆறு மாசம் ஆறது. பதினோரு ஜாதகம் அனுப்பிச்சேன், பதினொண்ணும் வேண்டாம்னுட்டா. இது பன்னெண்டாவது. புனே பையன். ராகுகாலத்துக்கு முன்னாடி பதில் தெரியலேன்னா அவாத்துல வேற எடத்துல பேசி முடிச்சுடுவா.

— போன் நம்பர் கீதில்ல? ஒரு போன் அடிச்சா மேட்டர் ஓவர்.

— போன்ல கேட்டா உடனே பதில் வந்துடுமே.

— அதுக்குத்தான சார் போனு?

— அதாவது... இதெல்லாம் எழுத்துல இருக்கணும். நீங்க சர்வரைப் பாருங்கோ.

— பாத்துக்கினுதான் கீறேன். வெளியேருந்து மெயில வாங்குற சர்வீஸ் நல்லாத்தான் ஓடுது. வாங்கினத உங்க பெட்டில கொண்டாந்து போடுற சர்வீஸ் கீது பாருங்க, அதான் படுத்துக்கினு கீது. எழுப்புறேன்... எழுந்துச்சு... ப்ச், மறுபடி படுத்துடுச்சு.

— பெருமாளே! அப்போ இதுவரைக்கும் வந்த மெயிலெல்லாம்?

— ஒண்ணும் தொலையல. முப்பத்தெட்டு மெயில் உள்ள வர முடியாம வாசல்ல க்யூல நிக்குது. இருங்க, ஏன் படுக்குதுன்னு லாக்ல எழுதி வச்சிருக்கும். ம்ம்... செட்டிங்ஸ் ஃபைல்ல மொத வரி புரியலயாம். மொத வரில அப்பிடி இன்னா... யா அல்லா! சார், இது இன்னா சார்?

— எது?

— "உ"ன்னு ஒண்ணு.

— அது பிள்ளையார் சுழின்னா!

— அது எனுக்கும் தெரியும். இங்க இன்னாத்துக்கு வந்து குந்திகீது?

— திங்கக்கிழமை மையத்துக்குப் பேர் மாத்தினேனோல்லியோ. பழைய பேர் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் புதுசை எழுதுங்கோன்னு நீங்கதானே சொன்னேள்? புதுசா எழுதறச்சே சுழி போடாம எப்படி எழுதறது?

— அது சரி! நீங்க எழுதினது திங்கள். நேத்து மத்தியானம் கரண்ட் போச்சு. கரண்ட் வந்ததும் சர்வீஸ் எழுந்து ஃபைலப் படிச்சுது, மொத வரிலயே தடுக்கி வுழுந்துச்சு. இவ்ளோதான் மேட்டரு.

— அழிச்சுடாதீங்கோ! மனசு கேக்காது.

— அழிக்கல சார். அதுக்கு முன்னால ஒரு ஹேஷ் போட்டுட்டேன். இனிமே மெஷின் அந்த வரியக் கண்டுக்காது. புள்ளையாரு அவரு பாட்டுக்கு இருப்பாரு, சர்வர் அது பாட்டுக்கு ஓடும். பாருங்க, பச்சை வந்துடுச்சா?

— வந்துடுத்து! ஓடறதா? நெஜமாவே ஓடறதா? நீங்க நன்னாருக்கணும் சாய்மா! இந்தாங்கோ, ரவா லட்டு. இன்னொண்ணு எடுத்துக்கோங்கோ.

— க்யூவத் தொறந்து வுடுறேன். அடேங்கப்பா, மழை மாதிரி கொட்டுது! அட, நீங்க அனுப்புனதும் லாக்ல கீது. மத்தவங்களுக்கெல்லாம் துளியூண்டு மெயிலு. சந்திரிகா மேடத்துக்கு மட்டும் ஒவ்வொண்ணும் பத்து மடங்கு சைஸு?

— வரனைப் பத்தி விவரமா எழுத வேண்டாமா?

— எல்லாமே வரனப் பத்தியா?

— முதல் பாரா வரனைப் பத்தி. அப்பறம்... லஸ் கார்னர்ல மழைத் தண்ணி நின்னது, மாடியில செம்பருத்தி பூத்தது, குளத்துல வாத்து வந்தது... அவளும் பதிலுக்கு ஏதாவது எழுதுவா. நீங்க சிரிக்கறேள்.

— சிரிக்கல சார். உங்களுக்கு இன்னா வயசு?

— நாப்பத்தஞ்சு. வேண்டாம் சாய்மா, அந்தப் பேச்சே வேண்டாம். நம்மள நம்பி பேர் குடுத்தவா. ஊருக்கு வரன் பாக்கறவன் தனக்குன்னு ஒருத்தியை எடுத்து வெச்சுண்டா நியாயமா? அவ சரின்னா, புனேக்கு நானே சந்தோஷமா சொல்லிடுவேன்.

— சந்தோஷமா?

— ...சொல்லிடுவேன்.

— வந்துடுச்சு சார்! சந்திரிகா மேடம். நேத்து சாயங்காலம் அனுப்பிகீறாங்க.

— நீங்களே படிங்கோ. சரியா, வேண்டாமா, அதை மட்டும் சொன்னாப் போறும்.

— முழுசா கேளுங்க. "புனே வரனும் வேண்டாம். தயவுசெய்து இனிமே எனக்கு யாரோட ஜாதகத்தையும் தேட வேண்டாம்..."

— ஓ. சரி. நிறுத்திடுங்கோ. பட்டியல்லேருந்து பேரை எடுத்துடச் சொல்றா. எடுத்துடறேன்.

— அவசரப்படாதீங்க சார், இன்னும் கீது. "ஆறு மாசமா நான் காத்துண்டிருக்கறது ஒரே ஒரு ஜாதகத்துக்குத்தான். இந்தக் கடிதமெல்லாம் எழுதறவரோடது. அதை எப்போ அனுப்பப் போறேள்?"