அபாயத்தை ஏற்பவர் பெயர்

மென்பொருள் விற்பவர்கள் விலையை இணையதளத்தில் போடுவதில்லை. நாம்தான் அழைத்துக் கேட்க வேண்டும். அவர்களும் உடனே சொல்லிவிட மாட்டார்கள். எத்தனை கட்டில், எத்தனை கம்ப்யூட்டர், போன வருடம் யாரிடம் வாங்கினீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் சொல்வார்கள். குழித்துறைச் சந்தையில் மீன் விற்கிற பெண்களும் முதலில் நம் சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார்கள். அதனால் இதை நான் ஒரு குற்றமாக எண்ணியதில்லை.

நான் பேசியாக வேண்டிய கட்டாயம் இல்லை என்று நீங்கள் இரண்டு முறை சொன்னீர்கள். நீதித்துறை நடுவராக இருப்பவர் இவ்வளவு பொறுமையாகச் சொல்வது பெரிய காரியம். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னதையும் கவனித்தேன். இப்படிப்பட்ட சின்னச் சின்ன இரக்கங்களால்தான் உலகம் நடக்கிறது என்று எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் இருபத்திரண்டு வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன்.

என் பெயர் ரசலையன். வயது ஐம்பத்து நான்கு. ஆற்றுப் பாலத்துக்கு அருகே இருக்கும் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாளன். எனக்குக் கீழே ஒரே ஒருத்தி, பெபிஷா. இருபத்தாறு வயது. எங்கள் சபைப் பிள்ளை. அவளை வேலைக்குச் சிபாரிசு செய்ததும் நான்தான்.

நாங்கள் வாங்கிய மென்பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் உள்ள ஒவ்வொரு இயந்திரத்தையும் அது தட்டிப் பார்க்கும். திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டை எங்கே இருக்கிறது, எதை முதலில் அடைக்க வேண்டும் என்று பட்டியல் தரும். விற்க வந்தவர் வினோஜ் என்ற தம்பி. நல்ல பையன், சாப்பிடும் முன் ஜெபிப்பான். கேண்டீனில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டே விலையை விளக்கினான்.

"சாரே, மெஷின் எண்ணிக்கைக்குத்தான் விலையாக்கும். ஓட்டை எத்தனை வேணும்னாலும் இருந்துக்கிடட்டும், அதுக்குக் காசு இல்ல."

இருநூற்றைம்பது இயந்திரம் வரை வருடத்துக்கு ஆறு லட்சம். இருநூற்று ஐம்பத்தொன்று ஆனால் ஐந்நூறு இயந்திரத்துக்கான உரிமம் வாங்க வேண்டும். அது பதினொன்றரை லட்சம். நடுவில் ஒன்றும் கிடையாது. எங்களிடம் இருந்தவை முந்நூற்றுப் பதினொன்று. இது தவிர, மென்பொருளுக்குள் நுழைந்து வேலை செய்ய ஆளுக்கு ஓர் இருக்கை வேண்டும். விலையோடு இரண்டு இருக்கை. மூன்றாவது வேண்டுமென்றால் தனிக் காசு. இரண்டு பேருக்கு இரண்டு இருக்கை போதும் என்று வாங்கிக்கொண்டோம்.

அறுப்பின் பண்டிகையில் எங்கள் கோயில் வாசலில் தேங்காய் ஏலம் போகும். நாற்பது ரூபாய்த் தேங்காயை ஐயாயிரத்துக்குக் கேட்பார்கள். தேங்காய்க்கு அந்த விலை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். காசு நல்ல காரியத்துக்குப் போகிறதே என்று சந்தோஷமாகக் கொடுப்பார்கள். மென்பொருள் கம்பெனிக்குக் கொடுக்கும் ஐந்தரை லட்சம் எந்த நல்ல காரியத்துக்குப் போகும்? அதே ஐந்தரை லட்சத்தில்தான் நாங்கள் ஏழு ஏழைகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தோம். அந்த ஏழு பேரின் பெயரும் எனக்குத் தெரியும். செல்லக்கனி என்று ஒரு பாட்டியம்மாள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையில் முடிந்த கடலை மிட்டாயை எடுத்துத் தருவார். டயாலிசிஸை நிறுத்தலாமா என்று டைரக்டர் கேட்டபோது, வேண்டாம் டாக்டர், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான்.

அறுபத்தொரு இயந்திரங்களைப் பட்டியலிலிருந்து விலக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் யோசித்தேன். பில் போடுகிறவர்கள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் சினிமா பார்க்கிறார்கள். டாக்டர்கள் கண்ட மின்னஞ்சலையும் திறக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் இதயத் துடிப்பைக் காட்டும் கருவிகளும், மருந்து சொட்டச் செய்யும் பம்புகளும், அவற்றையெல்லாம் ஒன்றாகக் காட்டும் நடுத் திரையும் மட்டும்தான் சினிமா பார்ப்பதில்லை, அரட்டை அடிப்பதில்லை, சொன்ன வேலையை இரவு பகலாகச் செய்கின்றன. ஆஸ்பத்திரியிலேயே ஒழுக்கமானவை அவைதான். ஒழுக்கமாக இருப்பதற்குக் காவல் எதற்கு என்று தோன்றியது. அறுபத்தொன்றையும் அங்கிருந்தே எடுத்தேன்.

விலக்கும்போது மென்பொருள் இரண்டு கேள்வி கேட்கும். ஒன்று, காரணம். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று எழுதினேன். அது என் விசுவாசம். அதற்குக் கீழே இன்னொரு பெட்டி: அபாயத்தை ஏற்பவர் பெயர். அதிலும் கர்த்தர் என்றே எழுதினேன். பெட்டி சிவப்பாக மாறியது. அப்படி ஒரு பயனாளர் இல்லை என்றது. இருக்கை வாங்கிய பெயரைத்தான் அது ஏற்கும். கர்த்தருக்கு இருக்கை வாங்கவில்லை. எனவே வேறு பெயர் கொடுத்தேன். அதன் பிறகு டீ குடிக்கப் போனேன்.

பதினான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. செல்லக்கனிப் பாட்டியம்மாள் உயிரோடு இருந்தார். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்று பத்துக்கு, யாரோ அந்த நடுத் திரை வழியாக உள்ளே நுழைந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கூட்டம். திரை கறுத்துப் போயிருந்தால் நர்சுகள் ஓடியிருப்பார்கள். அது கறுக்கவில்லை, உறைந்துவிட்டது. அந்த நிமிடத்தில் இருந்த எண்கள் அப்படியே நின்றன, எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. மூன்றாம் கட்டிலுக்கு நேரே எழுபத்தெட்டு என்று இருந்தது. நல்ல துடிப்பு. நாற்பது நிமிடம் எழுபத்தெட்டாகவே இருந்தது. தடுப்புக்குப் பின்னால் அந்தக் கட்டிலில் செசிலி என்ற மீன்காரப் பெண் இறந்து உடம்பு குளிரத் தொடங்கியிருந்தது. ஏழாம் கட்டிலில் பொன்னுலிங்கம் என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவருக்கு எண்பத்திரண்டு என்று காட்டியது. வாயில் நுரையோடு, கட்டில் கம்பியைப் பிடித்த கையோடு இருந்தார். அந்த விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

செசிலியின் கணவர் சிலுவைமுத்து கடலில் வேலை செய்கிறவர். அவர் நர்ஸ் ஜின்சியைப் பிடித்துச் சுவரோடு மோதினார். பிறகு கண்ணாடிக் கதவைக் கையால் குத்தி உடைத்தார். தரையெல்லாம் இரத்தம், யாருடையது என்று தெரியவில்லை. ஜின்சிக்கு மேல் பல் இரண்டு போய்விட்டது. நான்தான் அவரை விலக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, துண்டால் கையைக் கட்டிவிட்டேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். ஜின்சி திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரி முழுவதும் பேசியது. நான் அப்படிப் பேசவில்லை. அவளுக்கு வீட்டுக்கு ஆப்பிள் வாங்கி அனுப்பினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடுவதாக இருந்தது. அன்று பன்னிரண்டு மணி வாக்கில் பெபிஷா என்னைச் சர்வர் அறைக்குக் கூப்பிட்டாள். அங்கே ஏசியும் விசிறிகளும் போடும் சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினால்தான் கேட்கும். கையில் மூன்று தாள் வைத்திருந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"காப்பி குடிச்சியா மக்ளே?" என்று கேட்டேன்.

"காப்பி கெடக்கட்டும் சாரே. இது எனக்க பேராக்கும்."

தாளை நீட்டினாள். அறுபத்தொரு வரி. ஒவ்வொரு வரியிலும் காரணம், அதற்குப் பக்கத்தில் அபாயத்தை ஏற்பவர் பெயர். பெபிஷா. பெபிஷா. பெபிஷா.

இருக்கை இரண்டுதானே இருந்தது. ஒன்றில் நான். நான் சபைச் செயலாளர், மூன்று கமிட்டிகளில் இருக்கிறேன், என் பெயர் ஒரு தாளில் வந்தால் பலரைப் பாதிக்கும். அவள் சின்னப் பெண். அவள் பெயர் யாரையும் பாதிக்காது. அன்று நான் அப்படித்தான் யோசித்தேன், இப்போதும் அதில் தப்பான கணக்கு எதுவும் தெரியவில்லை.

"கர்த்தர் பாத்துக்கிடுவாருன்னு எழுதிட்டு எனக்க பேரப் போட்டிருக்கிய. அவரு கையெழுத்து போடமாட்டேன்னு சொல்லிட்டாரா?" என்றாள்.

அவள் அப்படிக் கேட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் பொறுமையாகப் பேசினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று குழுவிடம் ஒரு வார்த்தை சொல், மன்னித்துவிடுவார்கள், அதிகம் போனால் வேலை போகும், வேறு வேலை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். இது வெளியே வந்தால் ஆஸ்பத்திரிக்கு அபராதம் வரும், ஏழு பேருக்கும் டயாலிசிஸ் நின்றுவிடும் என்றும் எடுத்துச் சொன்னேன். அவளுக்கு ஏழு பேரைப் பற்றி இரக்கம் வரவில்லை.

"ரெண்டு பேரு செத்திருக்காவ. ஜின்சி அக்கா வாயத் தொறக்க முடியாம கெடக்காவ. நான் மூணு மணிக்கு இதக் கொண்டு குடுப்பேன்," என்றாள். பிறகு கொஞ்சம் மெதுவாக, "நீங்க காப்பி வாங்கித் தந்தே என்னை ஜெயிலுக்கு அனுப்பிருப்பிய சாரே," என்றாள்.

தாளைப் பைக்குள் வைக்கத் திரும்பினாள்.

சர்வரைத் தாங்குவதற்கு ரேக்கில் போடும் இரும்புச் சட்டம் ஒன்று, கை நீளத்தில், சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்து அவளுடைய வலது காதுக்குப் பின்னால் அடித்தேன். அவள் கீழே விழவில்லை. கண்ணாடி மட்டும் விழுந்தது. என் பக்கம் திரும்பி "சாரே" என்றாள், பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் கூப்பிடுவாளே, அதே குரலில். இரண்டாவது அடி நெற்றியில் விழுந்தது. அப்போது முழங்கால் மடங்கி உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்துவிட்டேன். அவள் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், மூக்கில் இரத்தம் குமிழியாக வந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளை அப்படி வேதனைப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. அதனால்தான் மற்ற அடிகள். நான்கு என்று நினைத்திருந்தேன். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒன்பது என்று இருக்கிறது. டாக்டர்கள் பொய் எழுத மாட்டார்கள், அதனால் ஒன்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தலை வெறும் தரையில் படக் கூடாது என்று என் கைக்குட்டையை மடித்து வைத்தேன். அவளுக்காக முழங்காலில் நின்று ஜெபித்தேன். அவள் என்னைப் பேசியதை நான் மன்னித்துவிட்டேன் என்பதையும் அந்த ஜெபத்தில் சொன்னேன். மூன்று தாளையும் சட்டையையும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டேன். அது ஒரு மணி வண்டியில் எரிக்கப் போய்விடும். என் கைப்பையில் எப்போதும் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருப்பேன்.

ஒன்றரை மணிக்கு ஏசி பார்க்க வந்தவர் அவளைக் கண்டு அலறினார். நானும் எல்லாரோடும் ஓடினேன். அவளுடைய அம்மாவுக்குப் போன் செய்தது நான்தான். அந்த அம்மா கீழே விழாதபடி பிடித்துக்கொண்டதும் நான்தான்.

போலீஸ் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி. பெபிஷாவின் பயனாளர் கணக்கைப் பன்னிரண்டு இருபதுக்கு மூடியிருக்கிறீர்கள். அவள் இனி வேலைக்கு வரமாட்டாள் என்று உங்களுக்குப் பன்னிரண்டு இருபதுக்கே எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி.

வேலையில் இல்லாதவர்களின் கணக்கைத் திறந்து வைப்பதுதான் பெரிய ஓட்டை என்று எல்லாப் பிரிவினருக்கும் வகுப்பு எடுத்தவன் நான். அன்றைக்கும் கை கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் கை தானாக அதைச் செய்தது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று மென்பொருள் அழிக்காமல் குறித்து வைக்கும். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் ஆறு லட்சம் என்று வினோஜ் அப்போதே சொல்லியிருந்தான்.

பெபிஷாவைக் கொன்றவன் நான். அதை ஒப்புக்கொள்கிறேன். செசிலியும் வாத்தியாரும் யாரால் இறந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டியில் என் பெயர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பெபிஷாவின் அம்மாவுக்கு ஒன்று மட்டும் தெரிவித்தால் நல்லது. மகளுடைய பெயர் இப்போது அந்தப் பட்டியலில் இல்லை. அவள் மேல் யாரும் பழி சொல்ல முடியாது. அவள் கணக்கை மூடியதும் ஓர் இருக்கை காலியானது. அதில் புதிய பயனாளர் ஒருவரைச் சேர்த்து, அறுபத்தொரு வரியிலும் அவள் பெயரை எடுத்துவிட்டுக் கர்த்தர் என்று எழுதினேன்.

இந்த முறை பெட்டி சிவப்பாகவில்லை.