அஞ்சு வார்த்தைக்கு ஒரு டீ

— ஏங்க, கண்ணாடியில ஒட்டியிருந்த சீட்டு எங்கே?

— கிழிச்சுட்டேன்.

— கிழிச்சுட்டீங்களா... பாப்பா உட்கார்ந்து எழுதித் தந்த சீட்டுங்க அது.

— பின்ன? ஷேவ் பண்ண நின்னா என் மூஞ்சி எனக்கே தெரியல. தாடைக்கு நேரா 'எக்ஸ்ப்ளெய்ன்'.

— கீழே அர்த்தமும் இருந்துச்சே.

— ஹெல்மெட்டைக் கவிழ்த்தா 'ரிபீட்'. ஷூவுக்குள்ள 'டிஸக்ரீ'. நீ இங்கிலீஷ் கத்துக்க, வேண்டாங்கல. என் ஷூ என்ன பாவம் பண்ணுச்சு?

— ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை. படுக்கப் போறதுக்குள்ள அஞ்சையும் பேச்சுல சொல்லியாகணும். இல்லேன்னா மறுநாள் காலையில டீ கிடையாது. இதானே ஏற்பாடு?

— ஏற்பாடு உனக்கு. நேத்து அஞ்சையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சே. இன்னைக்கு எனக்கு ஏன் டீ இல்ல?

— நீங்க ஒண்ணுகூடச் சொல்லலையே.

— அநியாயமா இருக்கே. நான் எதுக்குடி சொல்லணும்? தினம் இங்கிலீஷ் பேப்பர் வாங்கிப் படிக்கிறவன் நான். இந்த மாடியில யாருக்கு இங்கிலீஷ்ல கடுதாசி வந்தாலும் என்கிட்டதான்...

— கொண்டு வராங்க. நீங்களும் "பொறுமையா பாத்துச் சொல்றேன்"னு வாங்கி வச்சுக்கிறீங்க.

— குத்திக் காட்டாதே.

— சரி, குத்தல. போன தடவை ஸ்கூலுக்குப் போனோமே, மிஸ் என்ன சொன்னாங்க?

— திரும்பவும் ஆரம்பிச்சுட்டியா...

— சொல்லுங்க.

— பாப்பா கெட்டிக்காரி, நல்லா வளர்த்திருக்கீங்கன்னு...

— நானும் அதை நம்பிப் பல்லைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுவாரமே பாப்பாவை, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைங்களோட கடைசி அறையில உட்கார வச்சுட்டாங்க. "நான் என்னம்மா தப்பு பண்ணேன்"னு கேக்குறா. கெட்டிக்காரிக்குக் கொடுக்குற பரிசா அது?

— அவங்க ஸ்கூல்ல ஏதோ சட்டம்...

— சட்டமும் இல்ல, சட்டியும் இல்ல. நேத்து ஸ்கூல் ஆபீஸ் கிளார்க்கம்மாவைப் பிடிச்சுக் கேட்டேன். "அப்பா சம்மதிச்சுத்தானே மாத்தினோம்"ங்கிறாங்க.

— அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?

— பேச்சை மாத்தாதீங்க. ஏன் சம்மதிச்சீங்க?

— நான் எங்கே சம்மதிச்சேன்...

— மிஸ் கடைசியா ஒண்ணு கேட்டாங்க. புருவத்தைத் தூக்கிக்கிட்டு, உங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அது கேள்வின்னு எனக்கே தெரிஞ்சுது. நீங்க "யெஸ், தேங்க்யூ"ன்னீங்க.

— அது வந்து... அவங்க வேகமா...

— நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. நாளைக்குப் பேசி மாத்தலேன்னா வருஷம் முழுக்க அவளுக்கு அந்த அறைதான்.

— அதான் இத்தனை வார்த்தை படிச்சிருக்கியே. நீயே போய்ப் பேசு. எனக்கு லீவு கிடைக்காது.

— ஆமாம் சொன்ன வாய் உங்களுது. இல்லேன்னு சொல்ல வேண்டியதும் அந்த வாய்தான்.

— முடியாதுன்னா விடேன்.

— ஏன் முடியாது? பேப்பர் படிக்கிறவருக்கு என்ன கஷ்டம்?

— எனக்கு இங்கிலீஷ் வராதுடி. போதுமா? மிஸ் சொன்னதுல ஒரு எழுத்துகூடப் புரியல. அவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

— அப்போ அந்தப் பேப்பர்...

— படம் பாப்பேன். பொண்ணு பாக்க வந்தப்போ உங்க அப்பாகிட்ட இங்கிலீஷ் தெரியும்னு சொல்லித் தொலைச்சேன். அந்த ஒரு பொய்யைக் காப்பாத்தப் போய்... சிரி. நல்லா சிரி.

— சிரிக்கிற மாதிரியா பண்ணி வச்சிருக்கீங்க?

— அந்தச் சீட்டைப் பாத்தாலே பத்திக்கிட்டு வந்துச்சு. நீ கத்துக்கிட்டா நான் மாட்டிக்குவேன்ல. அதான் கிழிச்சேன்.

— ஏங்க, நான் ஷேவ் பண்றேனா? ஹெல்மெட் போடுறேனா? என் அடுப்படியில ஒரு சீட்டாவது பாத்தீங்களா? பாப்பாவை அந்த அறைக்கு மாத்தின அன்னைக்கே, அந்த "யெஸ், தேங்க்யூ"வை நினைச்சதும் எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு... கிழிச்சதைப் பொறுக்கி ஒட்டுங்க. எங்கே, 'டிஸக்ரீ' சொல்லுங்க, டீ போடுறேன்.