ரேடியோ சைபுதீனின் பச்சை ஒயர்

தலைமை ஏற்றிருக்கும் வியாபாரிகள் சங்கத் தலைவர் அரிகிருஷ்ணன் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் கடைவீதிக்காரர்களே, கணவர் சைபுதீன் பாய் இறந்தபின் வெளியே வராமல் இத்தாவில் இருப்பதால் அடுத்த தெருவில் வீட்டுக்குள் அமர்ந்து ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஜாஹிதா பேகம் அம்மா அவர்களே, வணக்கம்.

எனக்கு மேடையில் பேச வராது. முப்பத்தொரு வருஷம் பௌதிகம் நடத்தியும் குறிப்பில்லாமல் வகுப்புக்குள் போனதில்லை. ஆகவே புதன்கிழமை எழுதிய குறிப்பை மாற்றாமல் படிக்கிறேன்.

1. ரேடியோ மெக்கானிக் சைபுதீன் பாய் செய்தது என்ன.
2. இந்த ஊர் அவருக்குச் செய்தது என்ன.
3. மேல்மலையனூரில் அவர் தோற்றதற்குக் காரணம் அவருடைய பிடிவாதம்.
4. அவருடைய பெட்டிகளை என்ன செய்வது.

மூன்றாவதைக் கடைசியில் சொல்ல அனுமதி வேண்டும்.

முதல் குறிப்பு. அவர் செய்தது என்ன? இங்கே எனக்கு முன்னால் பேசிய மூவரும் அவரை விஞ்ஞானி என்றார்கள், மேதை என்றார்கள். அவர் செய்தது இன்னது என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வார்கள்?

அவர் நாதஸ்வரத்தின் ஓசையைப் பிடித்து வைக்கவில்லை. அதை கிராமபோன் செய்யும். நாதஸ்வரத்தில் ஓசை பிறக்கும் வழியை அவர் கரண்டில் கட்டினார். தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த நான்கு பெட்டிகள். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் ஓர் இரைச்சல் வருமே, அது ஒரு பெட்டியில் மூச்சு. வாயில் வைத்து ஊதும் சீவாளி எப்படித் திறந்து மூடுமோ, அப்படித் திறந்து மூட ஒரு பெட்டி. குழலுக்கு ஒன்று. குழலின் அடியில் விரியும் அணசுக்கு ஒன்று. பெட்டிக்குப் பெட்டி ஒயர். குழல் பெட்டியின் திருகைக் குறைத்தால் குட்டிக் குழலான முகவீணை ஆகும் என்பார். டிரான்சிஸ்டர்களைக் கருக்கிக் கருக்கி, ஆறு வருஷம் இதைச் செய்தார்.

இரண்டாவது குறிப்பு. இந்த ஆறு வருஷமும் நீங்கள் என்ன செய்தீர்கள்? ரேடியோவைக் கொடுக்க வந்து, பெட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனீர்கள். போன வருஷம் ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூரில் சங்கத்தின் பந்தலில் வாசித்துக் காட்டச் சொன்னீர்கள். ஸ்பெஷல் பஸ்ஸின் கூரையில் பெட்டிகளை ஏற்றி, கூடவே தானும் உட்கார்ந்து வந்தார். திருகைத் திருப்பினார். லாரி ஹாரன் போல ஒரே ஓர் ஓசை வந்தது. ஏற்றினாலும் அதே ஓசை, இறக்கினாலும் அதே ஓசை.

"இன்னா பாய், ஆட்டுக்கு வயித்து வலியா?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டவர் இன்று இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். சற்று முன் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். சந்தன மாலை போடுவதற்கு ஒரு ஆள் செத்துப்போக வேண்டியிருக்கிறது என்றால், அந்த மாலையை நான் மதிக்கவில்லை.

நான்காவது குறிப்பு. பெட்டிகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் சாமான்களைச் சங்கத்து ஒலிபெருக்கிக்குப் போட்டுக்கொள்வது என்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஜாஹிதா பேகம் அம்மாவோ நான் கையெழுத்துப் போட்டால் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதோடு மகள் மெஹர் பானுவிடம் எனக்கு ஒரு கேள்வியும் அனுப்பினார். "நைனா செஞ்சது தப்பா, இல்லையான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க சார். அது மட்டும் தெரிஞ்சா போதுமாம்."

புதன்கிழமை நான் கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தேன். நேற்று காலை, சாமான்களைப் பட்டியல் எடுக்கப் பாயின் கடையைத் திறந்தேன்.

இனி மூன்றாவது குறிப்பு.

அந்தப் பெட்டிகளுக்கு இன்னோர் ஒயரும் இருந்தது. பச்சை ஒயர். குழல் பெட்டியிலிருந்து புறப்பட்டுச் சீவாளிப் பெட்டிக்கே திரும்பி வரும். மேல்மலையனூருக்குப் போவதற்கு முதல் நாள் அதைப் பார்த்த நான், "இது எதற்கு பாய்?" என்று கேட்டேன்.

"குழல்ல இருக்கிற காத்து திரும்பி வந்து சீவாளிய தட்டும் சார். அது தட்டினாதான் இது திறக்கும்."

"சீவாளி ஓசையை உண்டாக்கும். குழல் அதைப் பெருக்கும். அவ்வளவுதான். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்த மாதிரி கூவப்போகிறது. எடுத்துவிடுங்கள்" என்றேன்.

"கூவினா அடக்கிக்கலாம் சார்" என்றார். நான் தலையை ஆட்டவில்லை. பிறகு, "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரி சார்" என்று பிடுங்கி, சுருட்டி, ஆணியில் மாட்டினார்.

பந்தலில் அந்த ஓசையைக் கேட்டதும் நம் ஊர் நாதஸ்வரக்காரர் பச்சமுத்து என்னிடம் வந்தார். "சீவாளி இருக்குது, குழல் இருக்குது. ரெண்டும் பேசிக்கல சார்." பௌதிகத்தை என்னிடம் விட்டுவிடுங்கள் என்று அவருக்குப் பதில் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள், நான் அதைக்கூடச் செய்யாமல், கரண்டில் குழல் கட்டியே தீருவேன் என்ற பாயின் பிடிவாதம் என்று என் நோட்டில் எழுதி வைத்தேன்.

நேற்று அந்தப் பச்சை ஒயர் ஆணியிலேயே இருந்தது. எடுத்துச் செருகினேன். மூச்சுப் பெட்டியின் திருகை மெதுவாகத் திருப்பினேன். ஓசை இல்லை. இன்னும் திருப்பினேன். இல்லை. இன்னும் ஒரு நூல் அளவு. குழல் பேசிற்று. மூச்சைக் கூட்டினேன். தானாக மேல் ஸ்தாயிக்குத் தாவிற்று. அந்தத் தாவலை எந்தப் பெட்டியிலும் யாரும் வைக்கவில்லை. திரும்பி வந்த ஒயர் செய்தது.

கடை வாசலில் பச்சமுத்து நின்றிருந்தார். "யாரு சார் வாசிச்சது?" என்றார். பிறகு உள்ளே வந்து ஒயரைக் கண்ணால் தொடர்ந்து பார்த்துவிட்டு, "இப்பதான் பேசிக்குதுங்க" என்றார்.

தலைவர் அவர்களே, தீர்மானத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அம்மா சம்மதித்தால் பெட்டிகள் என் வீட்டு முன்னறைக்கு வரும். ஒவ்வோர் ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று வரைந்து வைப்பேன். விரல் துளைகளுக்கான ஐந்தாவது பெட்டியை அவர் பாதியில் விட்டிருக்கிறார். பச்சமுத்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் அதை முடிக்கப் பார்ப்பேன். இந்த முறை சொல்வதைக் கேட்பேன்.

ஜாஹிதா பேகம் அம்மா, உங்கள் கேள்விக்கு ஊர் கேட்கப் பதில் சொல்கிறேன். அவர் செய்தது சரி. அவரிடம் பிடிவாதம் இருந்திருந்தால் அந்த ஒயரைப் பிடுங்கியிருக்க மாட்டார், அமாவாசைக் கூட்டத்தில் தலைகுனிந்திருக்கவும் மாட்டார். அவரிடம் இருந்தது என் மேல் வைத்த மரியாதை. பிடிவாதம் என்னுடையது. என் மூன்றாவது குறிப்பு தவறு.