நாய்க்கு உண்டு, அன்னக்கொடிக்கு இல்ல

கோயில் மண்டபம் கட்ட, வெளிநாட்டுல இருக்கிற நம்ம பிள்ளைங்ககிட்டக் காசு கேக்கலாம்னு இந்த ஊர்க்கூட்டத்துல தலைவர் சொன்னாரு. கேளுங்க... அதுக்கு முந்தி நான் சின்னதா ஒரு கதை சொல்லிக்கிறேன்.

நம்ம மேலத்தெரு அன்னக்கொடி. மகன் தவசி அமெரிக்காவுல, ஓமஹாங்கிற ஊர்ல இருக்கான். சினிமாவுல காட்டுற பெரிய ஊரு இல்ல. நம்ம திண்டுக்கல் மாதிரி நடுவாந்தரமான ஊரு. மருமகளுக்கு நிறைமாசம். பூண்டு, பிரசவ லேகியம், பழைய வேட்டித் துணின்னு மூட்டை கட்டிக்கிட்டு இவ போனா.

ஒத்த ரூம் வீடு. அதுக்கு வாடகை நம்ம காசுக்கு ஒரு லட்சம்! இவ ஹால்ல படுத்துக்கிட்டா. ரெண்டு வாரம் போச்சு... கதவைத் தட்டுறா குடியிருப்பு ஆபீஸ்காரி. சிரிச்ச முகமாவே சொல்றா: "இதுக்கு மேல தங்கினா விருந்தாளி இல்ல, குடித்தனம். ஒத்த ரூம்ல மூணு பேரு ஆகாது. ரெண்டு ரூம் வீட்டுக்கு மாறுங்க, இல்ல அவங்களை அனுப்புங்க."

மாறினா மாசம் இன்னும் நாப்பதாயிரம். காசுக்கு எங்க போவான்?

அந்நேரம் பாத்து எதிர்வீட்டு நாய் வெளிய வருது.

"ஏய்யா தவசி, இந்த நாயை மட்டும் எப்படி விட்டாங்க?"

"அதுக்குத் தனி வாடகைம்மா. மாசம் மூவாயிரம்."

"மூவாயிரந்தானா! அப்ப என்னையும் நாய்னே எழுதிக்கச் சொல்லு."

"அம்மா, சும்மா இரும்மா!"

"சொல்லுடா! மிச்சச் சோறு தின்னுக்கிறேன். வாசல்ல படுத்துக்கிறேன். உங்கப்பனைத் தவிர யாரையும் கடிச்சதில்லன்னு சொல்லு."

பய திருதிருன்னு முழிச்சு, ஆபீஸ்காரிகிட்ட அப்படியே இங்கிலீஷ்ல சொல்லிட்டான். அவ சிரிக்கணுமா இல்லையா? சிரிக்கலையே! செல்லைத் தட்டிப் பாத்துட்டுக் கேக்குறா...

"எடை எவ்வளவு?"

இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல நாயும் வைக்கக் கூடாதாம்! அன்னக்கொடி எழுபது.

சிரிக்கிறீங்க... நல்லாச் சிரிங்க. மறு வாரம் அவளை பிளேன்ல ஏத்திட்டான். அவ ஊரு வந்து சேந்தா, அங்க பிள்ளை பொறந்துருச்சு. பேத்தியை செல்லுலதான் பாத்தா. மருமகளுக்குப் பத்தியம் பொங்கிப் போட ஆள் இல்ல.

நானே போன்ல கேட்டேன். "ஏன்டா, மூணு மாசம் ரெண்டு ரூம் எடுக்க உனக்கு வக்கில்லையா?"

"காசு வச்சிருந்தேன் பெரியம்மா... ஊர் முகப்பு வளைவுக்குக் குடுத்துட்டேன். தலைவர் விடலையே. 'டாலர்ல சம்பாதிக்கிற, இது உனக்குப் பிச்சைக்காசுடா'ன்னாரு."

ஞாபகம் இருக்கா தலைவரே? உங்களுக்கு இருக்காது. எனக்கு இருக்கு. டீக்கடை வாசல்ல, போனை ஸ்பீக்கர்ல போட்டு அவன்கிட்டப் பேசினீங்க. பக்கத்துல நின்னு சிரிச்சது யாரு யாருன்னும் சொல்லட்டுமா?

டாலர்ல வாங்குறவன் டாலர்லதான் சாப்பிடணும், டாலர்லதான் படுக்கணும். அவன் சம்பளத்தை மட்டும் நம்ம காசுல பெருக்கிப் பாக்குறீங்க. அவன் வாடகையை யாராவது பெருக்கிப் பாத்தீங்களா? ஒருத்தர்?

ரோட்டு மேல நிக்குதே, அது வளைவு இல்ல சாமி. அன்னக்கொடி பேத்தியோட படுக்க வேண்டிய ரூமு. அதுக்கடியில போறப்ப சத்தம் போடாமப் போங்க... பிள்ளை முழிச்சுக்கப் போகுது.