ஆட்டோ ஸ்டாண்டு ரத்தம்

அம்பத்தூரில் பேருந்து கிளம்பியதும், முன் இருக்கையிலிருந்த கர்ப்பிணி தன் தோழியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"என் ஒடம்புல பாதி ஆட்டோ ஸ்டாண்டு ரத்தம்தான் ஓடுது."

"இன்னாடி சொல்ற?"

"பெரியவ பொறந்தப்போ நஞ்சுக்கொடி வெளிய வரல. ரத்தம் நிக்கவே இல்ல. பக்கத்துல கீற அந்த சின்ன ஆஸ்பத்திரில என் க்ரூப்பு ரத்தமும் இல்ல. ஆட்டோ ஓட்டற எங்க ஊட்டுக்காரு அவரு ஸ்டாண்டுக்கு போன் போட்டாரு. ஆட்டோக்காரங்க ஓடியாந்து ரத்தம் குடுத்தாங்க."

"இந்த தபா?"

"நஞ்சுக்கொடி கீழ எறங்கி கர்ப்பப்பை வாய மூடிக்கினு கீதாம். ஆபரேஷன்தான். மாமியாரு பக்கத்து ஆஸ்பத்திரிலயே பாத்துக்கலாம்னாங்க. முடியாதுன்ட்டேன். ரத்த வங்கி கீற பெரியாஸ்பத்திரிலதான் பெத்துப்பேன்."

"பயமா இல்லியா?"

"பயமாத்தான் கீது. அதான் வலி வர்றதுக்கு முன்னாடி இன்னிக்கே போயி படுத்துக்கறேன்."

மருத்துவமனை நிறுத்தம் வந்தது. தோழி துணிப்பையைத் தூக்கிக்கொள்ள, அவள் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள்.